16 சென்டிமீட்டரில் எங்கள் வீடு: நிக்கான் 40 எம்எம் மைக்ரோ லென்ஸ்

ஒன்றரை வருஷமாக என் கேமராவில் வேறு லென்ஸ் மாட்டவே இல்லை. நிக்கான் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் மைக்ரோ 40 எம்எம் எஃப் 2.8. சின்னப் பொருளை மிகக் கிட்டத்தில் போய்ப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ், நிக்கான்காரர்கள் அதை மைக்ரோ என்பார்கள். 2011-இல் வந்த லென்ஸ், நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். கேமராவும் பழசுதான், அதற்கு அடுத்த வருஷம் வந்த டி3200. இந்த ஜோடியை வைத்துக்கொண்டு நான் எடுப்பதெல்லாம் வீட்டில் கிடக்கும் சாமான்கள்: அரிசி அளக்கிற பால் டின், பால்கனிக் கயிற்றில் தொங்கும் கிளிப், முகத்தில் பூச அரைத்து அரைத்துத் தேய்ந்த தனகாக் கட்டை, அம்மாவின் தையல் டப்பாவில் ஜோடி இல்லாமல் கிடக்கும் பொத்தான்கள். வாங்குவதற்கு முன்னால் நான் படித்தவர்கள் எல்லாரும் பூச்சி, பூ, பனித்துளி என்றே இதைப் பற்றிப் பேசினார்கள். வீட்டுச் சாமானை எடுக்க இது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் என்னைப்போல இன்னும் ஒருவராவது இருப்பார் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ரங்கூன் டவுன்டவுனில், அனவ்ரட்டா சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில், ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. காளியம்மன் கோயில் நடக்கிற தூரம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவை எடுத்துக்கொண்டு வட்ட ரயிலில் ஏறிவிடுவேன். ஊரைச் சுற்றி 46 கிலோமீட்டர், 39 ஸ்டேஷன், மூன்று மணி நேரம். கீரைக்கட்டோடு ஏறுகிறவர்கள், சோளம் விற்கிறவர்கள், ஜன்னலோரம் தூங்குகிறவர்கள் என்று எடுத்துத் தள்ளுவேன். இப்போது தெருவில் பெரிய கேமராவோடு நிற்க மனசு வருவதில்லை, ஏன் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷம் கேமரா பீரோவுக்குள்ளேயே கிடந்தது. அப்புறம் ஒரு மத்தியானம் கரண்ட் போய், ஃபேன் நின்று, வேறு வேலை ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மேஜைமேல் அம்மா கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் ஒரு நூல் மாதிரி ஓடியது. இத்தனை வருஷம் அந்த டம்ளரில்தான் தண்ணீர் குடிக்கிறேன், அதன் அடியில் தாத்தாவின் பெயரின் முதல் எழுத்தைப் புள்ளி புள்ளியாகக் கொத்தி வைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த எழுத்தை எடுக்கப் பார்த்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் 28 சென்டிமீட்டருக்குள் போனால் ஃபோகஸ் ஆகாது. டம்ளர் வந்தது, எழுத்து கடுகளவுக்குத்தான் வந்தது. போனில் எடுத்தேன், விலை குறைந்த போன்களில் மேக்ரோ என்று போட்டிருக்கும் அந்தச் சின்ன லென்ஸில் எழுத்து பெரிதாக வந்தது, ஆனால் எவர்சில்வர் எவர்சில்வராக இல்லை, சாம்பல் பூசிய பிளாஸ்டிக் மாதிரி இருந்தது.

சரி, பழைய லென்ஸ் ஏதாவது பார்ப்போம் என்று கிளம்பி, முதல் தடவை நன்றாக ஏமாந்தேன். ஒரு கடையில் வேறு ஒரு லென்ஸை, வெளியே பளபளவென்று இருந்ததைப் பார்த்து வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மே மாதம் பாதியில் பிடிக்கிற மழை அக்டோபர் வரைக்கும் விடாத ஊர் இது, செருப்பே பூத்துவிடுகிறது, லென்ஸ் பூக்காமல் என்ன செய்யும். ஆகவே இங்கே பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையோடு ஒரு டார்ச் கொண்டுபோங்கள், லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்த்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. நரம்பு நரம்பாகவோ பனிபடர்ந்த மாதிரியோ ஏதாவது தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்லதாகக் கிடைத்தால் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், தவிட்டுத்தூள் வளையங்களுக்குள் போய்விடும்.

இந்த 40 எம்எம் ஒரு கல்யாண போட்டோகிராபரிடமிருந்து கிடைத்தது. மோதிரம், தாலி எடுக்க வாங்கினாராம், பெரிய கேமராவுக்கு மாறியதும் வேண்டாமென்று விட்டார். விலையை இங்கே எழுதிப் பிரயோஜனமில்லை, இந்த ஊர்ப் பணம் சாட்டின் மதிப்பு போகிற போக்கில் நான் கொடுத்த தொகை அடுத்த மாதமே வேறு அர்த்தமாகிவிட்டது. 2011-இல் அமெரிக்காவில் புதுசுக்கு 280 டாலர் என்று விலை வைத்தார்கள், நிக்கான் மேக்ரோ லென்ஸ்களில் அது மலிவு.

கையில் எடுத்தால் 235 கிராம், ஒரு பெரிய மாம்பழக் கனம்கூட இருக்காது. முன்பக்கம் 52 எம்எம் ஃபில்டர் பொருந்தும். உடம்பு பெரும்பாலும் பிளாஸ்டிக், மாட்டுகிற வளையம் மட்டும் உலோகம். ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் என் டி3200 மாதிரி மோட்டார் இல்லாத கேமராவிலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். கேமராவின் சென்சாரிலிருந்து 16.3 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், அந்தத் தூரத்தில் ஒன்றுக்கு ஒன்று, அதாவது பொருள் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கே சென்சாரில் விழும். சென்சார் 23 மில்லிமீட்டர் சொச்சம். இரண்டு சட்டைப் பொத்தானைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படம் நிறைந்துவிடும்.

இனி இதன் பெரிய சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த 16.3 என்பது சென்சாரிலிருந்து கணக்கு. கேமரா உடம்பையும் லென்ஸ் நீளத்தையும் கழித்தால் லென்ஸின் மூக்குக்கும் பொருளுக்கும் நடுவே மூன்றரை சென்டிமீட்டர்தான் மிஞ்சும், இரண்டு விரல் அகலம். லென்ஸின் நிழலே பொருள்மேல் விழும். வெட்டுக்கிளியோ தும்பியோ எடுக்க நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், இரண்டு விரல் தூரத்தில் எந்தப் பூச்சியும் உட்கார்ந்திருக்காது. அவர்களுக்கு 85 எம்எம் மைக்ரோதான் சரி, விலை கூடுதல். ஆனால் பால் டின் பறந்துபோகாது. நிழல் விழுகிறதா, பொருளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை எனாமல் தட்டை நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி வந்து நிழலை ஆற்றிவிடும். நான் டீக்கடையில் போடுகிற மாதிரி குட்டி பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை மேஜையாக வைத்திருக்கிறேன், அதன்மேல் பழைய லுங்கி ஒன்று விரிப்பு. இதற்குமேல் ஸ்டூடியோ எதுவும் இல்லை.

இப்போது பால் டின்னுக்கு வருகிறேன். இங்கே அரிசி வாங்கி விற்கிற அளவே இதை வைத்துத்தான் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. டீக்குப் போடும் கெட்டிப்பால் டின், பர்மியத்தில் நோஸிபூ, எட்டு டின் சேர்ந்தால் ஒரு பியீ, பதினாறு பியீ ஒரு கூடை. சமையல் குறிப்பிலும் டின் கணக்கே வரும். எங்கள் வீட்டு டின் எனக்கு முன்னால் பிறந்தது. காகிதம் எப்போதோ போய்விட்டது, பசை இருந்த இடம் மட்டும் ஒரு பட்டையாக மங்கித் தெரிகிறது. மூடியை வெட்டின வாயை யாரோ, தாத்தாவாகத்தான் இருக்கும், விரலைக் கிழிக்காதபடி சின்னச் சின்ன அடியாக அடித்து உள்பக்கம் மடித்திருக்கிறார். ஒன்றுக்கு ஒன்றில் அந்த வாயைப் பார்த்தபோது ஒவ்வொரு அடியும் தனித்தனிப் பள்ளமாக வந்தது, நாற்பதுக்கு மேல் எண்ணினேன். ஒரு இடத்தில் மட்டும் பள்ளம் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. முதலில் ஃபோகஸ் தப்பிவிட்டது என்று நினைத்தேன். டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தால் அம்மாவின் கட்டைவிரல் பதிகிற இடம் அது. தினம் இரண்டு வேளை அரிசி அள்ளுகிறாள், பாட்டியும் அப்படியேதான் பிடித்திருப்பாள். இரும்பில் விரல் தேய்த்த தடம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான். யாரிடமும் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஷ்வேடகோன் பகோடாவை ஆயிரம் தடவை எடுத்திருக்கிறேன், நல்ல படங்களும் உண்டு, ஆனால் அது என் முன்னாலேயே ஆயிரம் பேர் பார்த்த அழகு. இந்தப் பள்ளத்தை எனக்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை, தினம் அதைத் தொடுகிற அம்மாகூட.

அம்மா முதலில், “இருக்கிற வேலையெல்லாம் விட்டுட்டு டின்னைப் போட்டோ புடிக்கிறியே தம்பி, அரிசி அளக்கணும், குடு” என்று வாங்கிக்கொண்டு போனாள். படத்தைக் காட்டியதும் ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ப்ராக் நகரத்தில் ஜோசப் சுடெக் என்று ஒருவர் இருந்தார், 1896-இல் பிறந்து 1976-இல் போனவர். முதல் உலகப்போரில் வலது கை போய்விட்டது. ஒற்றைக் கையோடு பெரிய மரக் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் எடுத்த மனுஷன், நாஜிகள் ஊரைப் பிடித்ததும் வெளியே எடுக்க வழியில்லாமல் ஸ்டூடியோவுக்குள் ஒதுங்கி, 1940-லிருந்து பதினான்கு வருஷம் தன் ஜன்னலையும் ஜன்னல் கட்டையில் வைத்த கண்ணாடி டம்ளர், முட்டை, காய்ந்த பூ இவற்றையும் எடுத்தார். நீராவி படிந்த அந்தக் கண்ணாடிகளைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் இருந்தபடி எடுப்பதை இரண்டாம்பட்சம் என்று நினைப்பதை நான் நிறுத்தினேன்.

எடுக்கும் முறை பற்றிக் கொஞ்சம். இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிற ஆழம் மிகக் குறைவு. ஒன்றுக்கு ஒன்றில் லென்ஸின் துவாரத்தை எஃப் 8 வரை சுருக்கினாலும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவே. மூச்சு விட்டால் படம் போய்விடும். சரி, இன்னும் சுருக்கி எஃப் 22 வைத்துவிடலாம் என்றால் ஒளி சிதறிப் படம் முழுக்க மந்தமாகிறது. நான் எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவிலேயே நிற்கிறேன். சின்ன டிரைபாட், ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கேமராவையே முன்னும் பின்னும் மயிரிழை நகர்த்துவது வளையத்தைத் திருப்புவதைவிடச் சுலபம். எந்த மேக்ரோ லென்ஸும் மங்கிய வெளிச்சத்தில் ஃபோகஸைத் தேடித் தேடி முன்னும் பின்னும் ஓடும், அதைத் திட்டிப் பயனில்லை. தூரத்துப் பொருளை எடுக்கும்போது ஓட்டத்தைக் குறைக்க லென்ஸ் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, 20 சென்டிமீட்டருக்குக் கீழே போகாமல் நிறுத்திவிடும். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி கிடையாது, ஆகவே டிரைபாட் இல்லாவிட்டால் ஒரு அரிசிப் பை மேலாவது கேமராவைச் சாய்த்து வையுங்கள்.

கரண்ட் இல்லாத நேரம்தான் எனக்கு வசதி. ட்யூப்லைட்டின் பச்சைச் சாயல் கலக்காது, ஜன்னல் வெளிச்சம் தனியாக நிற்கும். தெருவில் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும்போது நான் முக்காலியை ஜன்னலோரம் இழுக்கிறேன். பேட்டரி முழுசாக இருந்தால் 540 படம் வரை தாங்கும் என்று கம்பெனிக் கணக்கு, நான் ஒரு நாளைக்கு எடுப்பது பத்தோ பதினைந்தோ.

ஒன்றுக்கு ஒன்று எப்போதும் வேண்டியிருப்பதில்லை. பாதிப் படங்கள் முப்பது சென்டிமீட்டரில் எடுத்தவை, அந்தத் தூரத்தில் இது மிக இயல்பான லென்ஸ், மேஜையில் எதிரே உட்கார்ந்து பார்க்கிற பார்வை. அம்மா பூண்டு உரிக்கும்போது கையை எடுத்திருக்கிறேன், துவாரத்தை முழுக்கத் திறந்த எஃப் 2.8-இல் பின்னால் இருக்கும் அடுப்பு மேகம் மாதிரி கரைந்துபோகிறது. முகம் எடுக்கவும் நன்றாகவே இருக்கும்.

பால்கனிக் கயிறு எனக்கு மூன்று நாள் எடுத்தது. ரங்கூன் வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே நிற்கிறவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், சாவி, மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் பொட்டலம், மருந்து, எல்லாம் அதில்தான் ஏறும். ஐந்து மாடி இறங்கி ஏறுகிற முழங்கால் அம்மாவுக்கு இல்லை, அந்தக் கயிறுதான் அவளுக்குக் கால். எங்கள் கயிறு ஒரே கயிறு இல்லை என்பது எடுக்கும்போதுதான் தெரிந்தது. அறுந்தபோதெல்லாம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, பச்சை நைலான், பிறகு வெள்ளைப் பருத்தி, பிறகு பார்சலில் வந்த நீலப் பிளாஸ்டிக் என்று நாலைந்து முடிச்சு. அப்பா போட்ட முடிச்சு ஒன்று, மற்றதெல்லாம் அம்மாவும் நானும். அப்பாவின் முடிச்சு எது என்று பார்த்ததும் தெரிந்தது: நுனியை நெருப்பில் உருக்கி, விரலால் உருட்டி விட்டிருக்கிறார். உருகிய நைலான் குமிழில் அவருடைய ரேகை இரண்டு கோடு பதிந்திருக்கிறது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் படத்தை மட்டும் பெரிதாக அச்சுப்போட்டு வைத்திருக்கிறேன், வேறு எதையும் அச்சுப்போடவில்லை.

கடைசியாக எடைக்கல். தாத்தாவின் மளிகைக் கடை 1964-இல் அரசாங்கத்துக்குப் போனது, எல்லாருடைய கடையும் போன மாதிரி. கடையிலிருந்து வீட்டுக்கு வந்தவை கொஞ்சம்தான், அதில் ஒன்று ஒரு வீசை இரும்புக் கல். தமிழ்நாட்டில் கிலோ வந்து வீசையை மறந்துவிட்டார்கள், இங்கே இன்றைக்கும் மார்க்கெட்டில் வெங்காயம் வீசைக் கணக்குதான், 1.63 கிலோ. பர்மியத்தில் பெய்தா என்பார்கள், இங்கிலீஷ்காரர்கள் விஸ் என்று எழுதி வைத்தது நம்முடைய வீசையைத்தான். கல்லின் மேலே எண், சுற்றிலும் துரு, ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. துருவை ஒன்றுக்கு ஒன்றில் எடுத்துப் பாருங்கள், வெறும் பழுப்பு என்று நினைத்தது செம்மண், மஞ்சள், கறுப்பு, ஊதா என்று மேட்டு நிலம் மாதிரி விரியும்.

அந்தப் படத்தைத் திருச்சியில் இருக்கும் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். 1964-இல் பதினாலு வயசில் அத்தை குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர், திரும்பி வந்ததே இல்லை. பத்து நிமிஷத்தில் போன் வந்தது. “தம்பி, அது நம்ம கடைக் கல்லு. மூலை உடைஞ்சிருக்கா? நான்தான் போட்டேன். படிக்கட்டுல உருண்டு போச்சு. உங்க தாத்தா அடிக்கல, கால்ல படலியேன்னு கால் ரெண்டையும் தடவிப் பாத்தாரு.” அவ்வளவு தெளிவாகச் சொன்னார். குடும்பப் படங்கள் எத்தனையோ அனுப்பியிருக்கிறேன், எதற்கும் இப்படிக் கூப்பிட்டதில்லை. படத்தில் மனுஷர்கள் இருந்தால் நலமா என்று கேட்பார், வைத்துவிடுவார்.

அப்புறம் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். ஊறுகாய் ஜாடி இருக்கிறதா, முறுக்குப் பிழியும் உரல் இருக்கிறதா, அடுப்படி ஜன்னலில் ஒரு கம்பி வளைந்திருக்குமே.

யாருக்கு இது வேண்டும் என்று கேட்டால்: டிஎக்ஸ் என்கிற சின்ன சென்சார் நிக்கான் ஏதாவது ஒன்று சும்மா கிடக்கிறது, பொருளோடு பொறுமையாக உட்கார முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டார்ச் அடித்துப் பார்க்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து வையுங்கள். நிக்கானின் புது இசட் வரிசைக் கேமரா வைத்திருப்பவர்கள், பழைய லென்ஸை அதில் பொருத்துகிற எஃப்டிஇசட் அடாப்டரோடு மாட்டிக்கொள்ளலாம், ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். பெரிய சென்சார் கேமராவில் படத்தின் ஓரம் வெட்டுப்படும்.

நேற்று பெரியப்பா மறுபடி கேட்டார், வாசல் கதவில் அதே தாழ்ப்பாளா, பித்தளையில், பிடி மீன்வால் மாதிரி இருக்குமே என்று. அதே தாழ்ப்பாள்தான், தினம் ராத்திரி நான்தான் போடுகிறேன், மீன்வாலை இன்றைக்குத்தான் கவனித்தேன். கதவு இருப்பது இருட்டு நடையில், ஜன்னல் வெளிச்சம் எட்டாது. சாயங்காலம் பீரோக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தோம், அம்மா எனாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றாள். வெளிச்சம் கதவின் பாதி உயரம் வரைக்கும் வந்தது. இன்னும் ஒரு ஜாண் ஏற வேண்டும். நாளைக்குக் கண்ணாடிக்கு அடியில் செங்கல் வைத்துப் பார்க்கிறேன்.